ஆடிட் நாளில் விழாதவள்

லிங்கசாமிக்கு ஆளைப் பார்த்தவுடன் எடை போடத் தெரியும் என்று எங்கள் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவரே லிங்கசாமிதான். இருநூறு பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் அவர் புரொடக்‌ஷன் மேனேஜர், முதலாளிக்கு அடுத்த ஆள். துணியில் ஊசி ஓட்டை இருந்தால் மூன்றடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார், அதை நான் மறுக்கவில்லை. அதே கண்ணால் மனித உடம்பையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தார். அங்கேதான் கோளாறு.

ரோஸ்மேரியைப் பார்த்து அவர் போட்ட எடை இது: நடிக்கிறாள்.

ரோஸ்மேரிக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமான புதிதில் புருஷன் செல்வினோடு சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்தவள். அவன் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இவள் எங்களிடம் செக்கிங். தைத்து வரும் பீஸை மேஜையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, தொங்கும் நூலை வெட்டி அடுக்க வேண்டும். காலை எட்டரையிலிருந்து இரவு எட்டு வரை நின்றுகொண்டே செய்யும் வேலை. உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்பது இந்தத் தொழிலின் பெரிய கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தவர்கள் எல்லாரும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் சித்ராதேவி. அதே கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பிரிவு. எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் ஆடிட்காரர்களுக்குக் காட்ட வேண்டிய ரிஜிஸ்டர்களை எழுதுவதும், அவர்கள் வரும் நாளில் கம்பெனியை மாப்பிள்ளை வீட்டார் வரும் வீடு மாதிரி ஆக்கி வைப்பதும் என் வேலை. யாரையெல்லாம் நான் மட்டமாகப் பேசப்போகிறேனோ அந்த வரிசையில் நானும் இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது ரோஸ்மேரிக்குப் பதினொரு நாள் காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகவில்லை. கம்பெனி திறந்ததும் வேலைக்கு வந்துவிட்டாள். மூன்றாவது வாரம் மேஜையைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்தாள். சோடா வாங்கிக் கொடுத்தோம். வெயில் என்று நினைத்தோம்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. நின்று கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும், கண் இருட்டிக்கொண்டு வரும், வயிறு புரட்டும். சில நாள் விழுவாள், சில நாள் விழாமல் வெளிறிப்போய் நிற்பாள். ஒரு வாரம் முழுக்க ஒன்றும் இருக்காது, எல்லாரையும்விட அதிக பீஸ் பார்ப்பாள். அடுத்த வாரம் குளித்துவிட்டு வெளியே வரவே முடியாமல் பாத்ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இப்படி ஏறி இறங்குவதுதான் அவள் செய்த பெரிய குற்றம். தினமும் ஒரே மாதிரி படுத்துக் கிடந்தால் நம் ஊரில் நோயாளி என்று ஒத்துக்கொள்வார்கள். நேற்று சிரித்தவள் இன்று விழுந்தால் நாடகம் என்பார்கள். லிங்கசாமியைப் பொறுத்தவரை நோய் என்றாலும் ஷிப்டு நேரப்படி வந்து போக வேண்டும்.

அவள் குடியிருந்த லைன் வீட்டுக்காரி பூவாத்தாள் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, விசேஷமா?"

இரண்டு வருடத்தில் பதினாறு தடவை விழுந்தாள். பூவாத்தாள் பேச்சை நம்பியிருந்தால் அந்த லைன் வீடு இந்நேரம் பள்ளிக்கூடமாகியிருக்கும்.

எங்கள் கம்பெனி ஆட்கள் போகும் கிளினிக்கில் டாக்டர் ஞானசம்பந்தம் இருக்கிறார். அவர் ரோஸ்மேரியை நாற்காலியில் உட்கார வைத்து பிரஷர் பார்த்தார், படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார். ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. நின்றால்தான் வருகிறது என்று அவள் மூன்று தடவை சொன்னாள். அந்த மனிதர் ஒரு தடவைகூட அவளை நிற்க வைத்துப் பார்க்கவில்லை. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, பீட்ரூட் சாப்பிடு என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஐந்து பட்டங்கள் சட்டம் போட்டுத் தொங்கின.

போன ஏப்ரலில் ஷிப்மென்ட் நெருக்கடியில் அவள் மறுபடி விழுந்தாள். விழுந்த கை பட்டு அடுக்கி வைத்திருந்த நானூறு பீஸ் தரையில் கொட்டியது. லிங்கசாமி பீஸ்களைத்தான் முதலில் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சித்ரா, ஒண்ணு கவனிச்சீங்களா? இந்தப் புள்ள ஆடிட் அன்னிக்கு மட்டும் உழறதே இல்லீங்க. வெள்ளக்காரனப் பாத்தா மட்டும் ஒடம்பு சரியாப் போயிருதா? தேதியெல்லாம் எடுத்து ஒரு லிஸ்ட் போடுங்க. இவள வேலைய விட்டு அனுப்பீரலாம்."

எனக்கும் அது பெரிய துப்பறியும் வேலையாகத்தான் பட்டது. முதலுதவி ரிஜிஸ்டரை எடுத்தேன். பதினாறு விழுதல். ஆடிட் ஃபைலை எடுத்தேன். ஒன்பது ஆடிட் நாள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அவள் வாரக்கணக்காக மோசமாக இருந்த நாட்களின் நடுவில் வந்த ஆடிட்டில்கூட, காலை முதல் மாலை வரை தெம்பாக வேலை பார்த்திருக்கிறாள். இதைவிடச் சாட்சி வேண்டுமா? லிஸ்டை அழகாக டைப் செய்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு செக்கிங் மேஜைக்குப் போய், எல்லாப் பெண்களும் கேட்கும்படி, "நடிக்கறதுக்கும் ஒரு அளவு வேணும் ரோஸ்மேரி" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் அழவில்லை. என் பின்னாலேயே ஆபீஸ் வரை வந்தாள்.

"எக்கா, அந்த லிஸ்ட்ல எனக்கு ஒண்ணு குடுங்க. கோயம்புத்தூர்ல ஒரு டாக்டர் அம்மா இருக்காவளாம். கடைசியா அவங்கட்ட காட்டிட்டு வந்துருதேன். அவங்களும் ஒண்ணுமில்லன்னு சொன்னா நானே வேலைய விட்டுப் போயிருதேன்."

லிங்கசாமிக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. "நீங்களும் கூடப் போயிட்டு வாங்க. ஒண்ணுமில்லைன்னு எழுதி வாங்கீட்டு வந்துருங்க" என்று என்னை அனுப்பினார். நான் துணைக்குப் போகவில்லை. உளவு பார்க்கப் போனேன்.

டாக்டர் மோனிஷாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சுவரில் பட்டம் எதுவும் மாட்டியிருக்கவில்லை. லிஸ்டை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த ஆடிட் நாள்ல மட்டும் கம்பெனில என்ன மாறும்?"

"ஒண்ணும் மாறாதுங்க மேடம். சுத்தமா இருக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவங்க நிக்கற இடத்துல என்ன மாறும்?"

அப்போதுதான் எனக்கு ஸ்டூல் நினைவுக்கு வந்தது. ஆடிட்டுக்கு முந்தின நாள் குடோனிலிருந்து ஸ்டூல்களை இறக்கி, துடைத்து, செக்கிங் மேஜைக்கு முன்னால் வரிசையாகப் போடச் சொல்வது யார்? நான். ஆடிட்காரர் கார் ஏறியதும் அவற்றைத் திரும்ப ஏற்றச் சொல்வதும் நான். அன்று ஒரு நாள் மட்டும் மேஜைக்கு மேஜை தண்ணீர் கேன் இருக்கும். மற்ற நாட்களில் பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். ஒரு லைனுக்கு இரண்டே டோக்கன். அதனால் செக்கிங் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஆடிட் அன்று டோக்கன் தேவையில்லை, யாரும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். இத்தனையையும் என் வாயாலேயே சொன்னேன். டாக்டர் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

பிறகு ரோஸ்மேரியைப் பத்து நிமிடம் படுக்க வைத்தார். நாடித் துடிப்பு எழுபத்து நான்கு. எழுந்து சாயாமல் நிற்கச் சொன்னார். இரண்டாவது நிமிடத்தில் நூற்றியெட்டு. ஐந்தாவது நிமிடத்தில் நூற்றிப் பதினெட்டு. எட்டாவது நிமிடத்தில் நூற்றி இருபத்தாறு. பிரஷர் இறங்கவே இல்லை. அவள் பாதம் இரண்டும் கருஞ்சிவப்பாக மாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒன்பதாவது நிமிடம் அவள் ஆட ஆரம்பித்ததும் டாக்டரும் நர்ஸும் பிடித்துப் படுக்க வைத்தார்கள். நாடியை யாராலும் நடிக்க முடியாது. செலவே இல்லாத இந்தச் சோதனைக்கு ஒரு கட்டிலும் கடிகாரமும் போதும். இரண்டு வருடமாக ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"இதுக்குப் பேரு பாட்ஸ்" என்றார் டாக்டர். "நிக்கும்போது ரத்தம் கால் பக்கம் இறங்கும். எல்லாருக்கும் இறங்கும். உடனே கால்ல இருக்கற ரத்தக் குழாய் இறுகி அதை மேல தள்ளணும். இவங்களுக்கு அது சரியா நடக்கல. மூளைக்கு ரத்தம் பத்தலன்னு இதயம் வேக வேகமா அடிக்குது."

"எதனால வந்துச்சு மேடம்?" என்றாள் ரோஸ்மேரி. "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"நீங்க எதுவும் செய்யல. இதுக்கு ஒரே காரணம்னு கிடையாதும்மா. சிலருக்கு வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் வருது. கொரோனாவுக்கு அப்புறம் நிறையப் பேருக்கு வந்துச்சு. காய்ச்சலை எதிர்த்த உடம்பு தன்னோட நரம்பையே தாக்கிடுதோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. சிலருக்குக் கால் பக்கத்துச் சின்ன நரம்புங்க கெட்டுப்போயிருக்கும். சிலருக்கு ரத்தத்தோட அளவே குறைவா இருக்கும். எங்க, மணிக்கட்டை மடக்கி, கட்டை விரலை முன்கைப் பக்கம் அழுத்துங்க."

ரோஸ்மேரி கட்டை விரலை அழுத்தினாள். அது முன்கையில் போய்த் தொட்டது.

"மூட்டு இப்படி வளையறவங்களுக்கும் இது அதிகமா வரும். உங்களுக்கு இதுல ரெண்டு மூணு சேர்ந்து இருக்கலாம். இன்னும் சில டெஸ்ட் எடுக்கணும். எடுத்தாலும் இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாமப் போகலாம்."

தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான். தெரியாதவர்கள் எல்லாரும் அதுவரை தெரிந்த மாதிரி பேசியிருந்தார்கள்.

ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மோசமாகவும் இருப்பது ஏன் என்று கேட்டேன். வெயில், மாதவிடாய், தூக்கக் குறைவு, வயிறு முட்டச் சாப்பிட்ட சாப்பாடு, குடிக்காமல் விட்ட தண்ணீர், இவற்றில் எது எப்போது சேரும் என்று சொல்ல முடியாது என்றார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இவளுக்கு பிரஷர் இல்லாததால் உப்பைக் கூட்டிக்கொள்ளலாம், காலை இறுக்கும் காலுறை போட வேண்டும், உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். கடைசி வரியை லெட்டரில் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

லிங்கசாமி அந்த லெட்டரைப் படித்தார். வெட்கம் என்று ஒன்று அவர் முகத்தில் வரும் என்று எதிர்பார்த்த என்னைச் சொல்ல வேண்டும்.

"பாத்தீங்களா, டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க. நோயாளிய எப்படிங்க வேலைக்கு வெக்கறது? இங்கயே உழுந்து கெடந்தா நாளைக்கு யாருங்க பதில் சொல்றது? ஒருத்தி உக்காந்தா அத்தன பேரும் உக்காருவாங்க. கண்ணு ரோஸ்மேரி, உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நோய் இல்லை என்பதால் நேற்று வேலை போக இருந்தது. நோய் இருப்பதால் இன்று போகிறது. இந்தக் கணக்கை எந்தக் கல்லூரியில் படித்தாரோ.

சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று அவள் பெயரில் ஒரு ராஜினாமாக் கடிதம் டைப் செய்யச் சொன்னார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ரோஸ்மேரி மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிற ஆரம்பித்திருந்தது.

"எனக்கு சொந்தக் காரணம் ஒண்ணும் கெடையாது சார். உள்ளதப் போடுங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன். உக்காந்து வேல பாக்கச் சொல்லி டாக்டர் எழுதினாவ. ஆடிட் அன்னைக்கு மட்டுந்தான் ஸ்டூல் போடுவோம், மத்த நாளு போட மாட்டோம், அதனால ரோஸ்மேரிய அனுப்புதோம். அப்படி எழுதுங்க."

லிங்கசாமி சிரித்தார். "அதெல்லாம் எழுத முடியாது கண்ணு."

நான் எழுதிவிட்டேன். அவள் சொன்ன வார்த்தைகளையே டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, அவர் முன்னால் வைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆடிட், விலகியவர்களின் கடிதங்களையும் ஆடிட்காரர் கேட்டு வாங்கிப் படிப்பார். அவர் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். மூன்றடியிலிருந்து ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு அந்தத் தாள் என்ன செய்யும் என்று நன்றாகவே தெரிந்தது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "செரி, உக்காந்துக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வராத போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். இருநூறு பேரை அதட்டும் மனிதர் ஒரு தாளுக்குப் பயந்தார். அவர் பெருமையெல்லாம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை ரோஸ்மேரி மேஜை முன்னால் உட்கார்ந்து பீஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். நான் அவள் காதருகே குனிந்து, "மன்னிச்சுரு ரோஸ்மேரி, நீ நடிக்கலைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றேன்.

அவள் கையை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட எதுக்குக்கா சொல்லுதிய? நான் நடிக்கலன்னு எனக்குத் தெரியும்லா. அன்னைக்கு எல்லாருக்கும் கேக்க மாதிரிதான சொன்னிய. இதையும் அப்படியே சொல்லுங்க."

செக்கிங் மேஜையைச் சுற்றிப் பதினான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். நான் நிமிர்ந்து, "ரோஸ்மேரி நடிக்கல. நாந்தான் தப்பாச் சொன்னேன்" என்றேன். பக்கத்து லைனில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாலைந்து பேர்தான் திரும்பிப் பார்த்தார்கள். அது போதும் என்று நான் நகரப் பார்த்தேன்.

"கடைசில நிக்கவங்களுக்குக் கேக்கலக்கா" என்றாள் ரோஸ்மேரி. "இன்னொரு தடவ சொல்லுங்க."