வெளிவட்டத்தில் மூன்று துளைகள்

உழவர்கரையில் ஒரு சிறிய பட்டறையில் நான் பரிசோதகராக இருந்தேன். ராக்கெட்டின் மேல் அடுக்கை விண்வெளியில் உந்திச் செல்லும் எஞ்சினுக்கு எங்கள் பட்டறை ஒரே ஒரு பாகத்தைச் செய்து கொடுத்தது. உள்ளங்கை அகல உலோகத் தட்டு, அது முழுக்க ஒரு தலைமுடி நுழையும் அளவுக்குத் துளைகள். எரிபொருள் ஒரு துளை வழியாகவும் அதை எரிக்கும் திரவம் அடுத்த துளை வழியாகவும் பீறிட்டு வந்து மோதும். மோதிய மாத்திரத்தில் தீப்பிடிக்கும்.

முதல் வகை எஞ்சினை ஒரு முறைதான் எரிக்க முடியும். எரிந்து முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது. இரண்டாவது வகையை வானத்தில் அணைத்து மறுபடி எரிய வைக்கலாம். அதற்கான தட்டுகளைத் துளையிட்டவள் காலாப்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மீனவப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் துளைத்ததை அளக்கும்போது எனக்கு வேலையே இருக்காது. அத்தனையும் சரியாக இருக்கும்.

இரண்டாம் வகையின் தரைச் சோதனையில் தட்டு ஓரமாக உருகி ஓட்டையானது. ஆர்டர் கொடுத்த கம்பெனி விளக்கம் கேட்டது. முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வெளிவட்டத்துல மூணு ஓட்டை கோணல்னு எழுது. வரைபடம் தப்புன்னு நாம சொன்னா அவங்க வேற பட்டறைக்குப் போயிடுவாங்க. ஒருத்தி போனா போறா."

என் குறிப்பேட்டில் எல்லாத் துளைகளும் சரி என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்; அது அவள் பெயர் போட்ட ஃபைலில் சேர்ந்தது. மகளுக்கு அந்த வருடம்தான் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அதைக் காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் அவளை நிற்க வைத்தார். அவள் அழவில்லை. அதே தொகுதியில் மீந்திருந்த தட்டை எடுத்து வந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஒவ்வொரு துளையாகப் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சரியாத்தான இருக்கு. நீங்களே பாத்தீங்க இல்லக்கா?"

"மூணு கோணல்," என்றேன்.

அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். வேறு பட்டறைகளில் அவள் வேலை கேட்டபோது அங்கிருந்து எங்களுக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். முதலாளி சொன்ன பதிலைக் கேட்டு யாரும் அவளைச் சேர்க்கவில்லை.

சில மாதங்களில் புது வரைபடம் வந்தது. வெளிவட்டத் துளைகளின் கோணம் மாறியிருந்தது. சுவரைக் குளிர்விக்க ஓரத்தில் இன்னொரு வரிசைத் துளைகள். பழைய வடிவத்தில் ஓரம் அதிகமாகச் சூடேறியதுதான் கோளாறு என்று இணைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். முதலாளி அதைப் படித்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். வேலையை ஆரம்பிக்கச் சொன்னார்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கையெல்லாம் இறால் உரித்த வெடிப்பு. கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறவே இல்லை.

"நான்தான் அன்னைக்கே பாத்தனே. நீங்க பொய் சொல்றது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்றாள். பிறகு, "ஃபைல்ல என் பேர்ல எழுதின தப்ப மாத்தி எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன். பேசவில்லை. அவள் பஸ் வந்தது, ஏறிப் போனாள். அப்புறம் நான் அந்த ஸ்டாண்டுப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

புது வரைபடத்தின்படி செய்த மூன்றாவது வகை எஞ்சின் விண்வெளியில் இரண்டு முறை அணைந்து இரண்டு முறையும் மறுபடி எரிந்தது. பட்டறையில் டிவி வைத்து எல்லோரும் பார்த்தோம், கை தட்டினோம். என்னைத் தலைமைப் பரிசோதகராக்கி முதலாளி சால்வை போர்த்தினார். வசதியாகப் போர்த்தட்டும் என்று குனிந்து கொடுத்தேன்.

இப்போது செயற்கைக்கோளுக்குள்ளேயே வைக்கும் சின்ன எஞ்சினுக்குத் தட்டு செய்கிறோம். வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு, கவனக்குறைவால் என்ன ஆகும் என்று காட்ட, அவள் பெயர் உள்ள அந்த ஃபைலைத்தான் முதலில் படிக்கத் தருகிறோம். எடுத்துக் கொடுப்பது நான்தான்.