விருந்தாளி வந்தால் கட்டும் பேக்கேஜ்

உத்திரமேரூருக்கு வெளியே ஒரு பழைய நெல் குடோனுக்கு வெள்ளையடித்து, யாரோ வேண்டாமென்று கொடுத்த கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, ஒரு அறக்கட்டளை எங்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பன்னிரண்டாவது பாஸ் பண்ணிவிட்டு ரைஸ் மில்லில் மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். காவாந்தண்டலம் பக்கம், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்த எங்கள் இருளர் குடியிருப்பில் அவ்வளவு தூரம் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் அறக்கட்டளையை நடத்தியவரே வந்து அப்பாவிடம் கேட்டு என்னை அழைத்துப்போனார். நிலபுலன் உள்ள குடும்பத்துக்காரர். சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

சனிக்கிழமைகளில் சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து, கமாண்ட் அடித்தே கம்ப்யூட்டரை வேலை வாங்கும் லினக்ஸ் சொல்லிக்கொடுத்தார். சில மாதங்களில் அவருக்கு வெளிநாட்டு வேலை கிடைத்துவிட்டது. போகும்போது ஆங்கிலப் புத்தகங்களைப் பிரதி எடுத்து ஒரு கட்டாகக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் மெல்ல நின்றுவிட்டார்கள். எனக்கு மூட்டைக்குத் திரும்பப் பிடிக்கவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு அந்தக் கட்டைப் படித்தேன். அப்படித்தான் பேக்கேஜ் கட்டக் கற்றுக்கொண்டேன்.

அரசுப் பள்ளிகளுக்காக ஒரு தமிழ் தட்டச்சுப் பயிற்சி மென்பொருள் எங்களிடம் இருந்தது. அதை ஒரு கம்ப்யூட்டரில் போட வேண்டுமென்றால் எழுத்துருவை ஓரிடத்தில், பாடங்களை இன்னோரிடத்தில், விசைப்பலகை அமைப்பை வேறோரிடத்தில் என்று ஒவ்வொன்றாகக் கையால் வைக்க வேண்டும். ஒன்று தப்பினால் திரையில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். இது எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிவிட்டால், பள்ளிக்கூடத்தில் இருப்பவர் ஒரு கமாண்ட் அடித்தால் போதும், அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேண்டாமென்றால் இன்னொரு கமாண்டில் சுவடில்லாமல் போய்விடும். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். ஒரு எழுத்துருவை எழுத மறந்தாலும் எல்லாம் முடிந்த பிறகு கடைசி வரியில் பிழை காட்டி நின்றுவிடும். எத்தனையோ முறை நின்றது. ஒரு நாள் நிற்காமல் முடிந்தது. நான் எழுந்து குடோனுக்குள்ளேயே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் அறக்கட்டளைக்கு உதவுகிறவர்கள் காரில் வந்தார்கள். சார் என்னை அவர்கள் முன்னால் உட்காரவைத்து, முதலிலிருந்து கட்டச் சொன்னார். கமாண்ட் அடித்தேன். கருப்புத் திரையில் வெள்ளை வரிகள் சரசரவென்று மேலேறி ஓடின. வந்தவர்கள் பின்னால் நின்று வாயைப் பிளந்தார்கள். சார் ஆங்கிலத்தில் சொன்னார்: "இவன் தாத்தா எலி பிடித்தார். இவன் மவுஸ் பிடிக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். கமாண்ட் அடிக்கிறவனுக்கு மவுஸே வேண்டாம். ஆனாலும் போட்டோவுக்காக என் கையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

அவர்கள் போன பிறகு, "சார், எந்த ஸ்கூல்ல மொதல்ல போடலாம்?" என்று கேட்டேன்.

"அத்த அப்புறம் பாத்துக்கலாம். இப்ப கட்டினத அழிச்சிடு. அடுத்த மாசம் வர்றவங்களுக்கு மொதல்லருந்து காட்டணும்ல?"

அழித்தேன். அடுத்த முறையும் கட்டினேன், அடுத்த முறையும் அழித்தேன். சாருக்குப் பழகிவிட்டது. வரிகள் சீக்கிரம் ஓடி முடிகிறது என்று அவருக்கு ஒரு குறை இருந்தது. "கொஞ்சம் நேரம் ஓடற மாரி பண்ண முடியாதா?" என்று கேட்டார். நடுநடுவே காத்திருக்கச் சொல்லும் கமாண்டைச் சேர்த்துக்கொடுத்தேன்.

பிறகு அப்பாவையும் வரவழைத்தார். அப்பா கழனி வேலைக்குப் போகிறவர். விருந்தாளிகள் வரும் நாளில் சட்டையில்லாமல், தோளில் எலி வளை தோண்டும் கடப்பாரையோடு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சட்டை போட்டுக்கொண்டுதான் வருவார். வாசலிலேயே கழற்றி வாங்கிவைத்துவிடுவார்கள்.

ஒரு நாள் வீட்டுக்கு நடக்கும்போது நான் வெடித்தேன். "இனிமே வராத நைனா. அவுங்க உன்னப் பாத்து சிரிக்கிறாங்க."

"சிரிச்சா சிரிச்சிக்கினு போறாங்க. கயனில குனிஞ்சி எடுக்கிற கூலிய நிக்கறதுக்குக் குடுக்கிறாரு. உனக்கு இன்னா?"

"எனக்கு அவமானமா கீது."

"உனக்குத்தான் சேர் போட்டுக் குடுத்துக்கிறாங்களே. நின்னுக்கினு இருக்கிறவன் நானு," என்றார் அப்பா.

ஒருமுறை வந்த கூட்டத்தில் சென்னையில் மென்பொருள் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் இருந்தார். மற்றவர்கள் அப்பாவோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து திரையைப் படித்தார்.

"இந்த பேக்கேஜை எடுத்துட்டா பசங்க வாங்கின மார்க் எல்லாம் அழிஞ்சிடுமா?" என்று கேட்டார்.

வந்தவர்களில் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "அழியாது சார். அத்தத் தனி எடத்துல வச்சிக்கிறேன். பேக்கேஜ் போனாலும் அது நிக்கும்," என்றேன்.

"நல்லது. எத்தனை ஸ்கூல்ல ஓடுது?"

"எங்கயும் இல்ல சார். இன்னும் போடல."

அவர் நிமிர்ந்து சாரைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், இவனை என் கம்பெனிக்கு அனுப்புங்கள், இதே வேலைதான், சம்பளம் தருகிறேன் என்றார். சார் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "இவர்கள் ஓரிடத்தில் தங்கமாட்டார்கள். ஒரு மாதத்தில் காட்டுக்கு ஓடிவந்துவிடுவான். இன்னும் இரண்டு வருடம் என்னிடம் இருக்கட்டும், பழக்கித் தருகிறேன்."

நான் படித்த புத்தகங்கள் எல்லாமே ஆங்கிலம் என்பது அவருக்கு நினைவில்லை. எனக்கு முன்னாலேயே, என் தலைக்கு மேலேயே பேசினார். கம்பெனிக்காரர் தன் முகவரி அட்டையை என் விசைப்பலகை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

கார்கள் போனதும் சார் என் முன்னால் வந்து நின்றார். "எங்கயும் போடலன்னு எவன்டா உன்னச் சொல்லச் சொன்னது?"

"அவுரு கேட்டாரு சார்."

"கேட்டா? துன்ன சோத்துக்கு வாய் இவ்ளோ நீளுதா? மூட்ட தூக்கிக்கினு இருந்தவன நாற்காலில ஒக்கார வச்சது யாரு?"

அப்பா கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சின்னப் பையன் சார், தெரியாம சொல்லிட்டான்," என்று கும்பிட்டார். இன்னும் சட்டை போட்டிருக்கவில்லை. சார் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டம் வந்த அன்று நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டேன். கமாண்ட் அடிக்கவில்லை. சார் என் தோளில் கைவைத்து அழுத்தினார். நகம் பதிந்தது. நான் அசையவில்லை. திரையில் எழுத்து விழ வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. எல்லோரும் காத்திருந்தார்கள். சார் அழகாகச் சிரித்தார்.

"கூச்சம்," என்றார் ஆங்கிலத்தில். "இவர்கள் மனிதர்களைப் பார்த்தாலே கூசுவார்கள். இங்கே வந்து உட்கார்ந்திருப்பதே பெரிய விஷயம்."

ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றைக்கே அறக்கட்டளையை விட்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் சென்னைக்குப் பஸ் ஏறி அந்தக் கம்பெனியைத் தேடிப் போனேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"உங்க சார் போன் பண்ணார்ப்பா. அங்கே ஏதோ மெஷின் பார்ட்ஸ் காணோமாம். நான் நம்பலை. ஆனா பார்ட்னர்ஸ் இருக்காங்க, நான் மட்டும் முடிவெடுக்க முடியாது."

நம்பாதவர் எதற்காக அதை என்னிடம் சொல்ல வேண்டும்? மறுபடி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். தூசு தட்டுவதும் டீ வாங்குவதும்தான் முதலில் வேலை. மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகவில்லை. போன அன்று தங்கை புது சுடிதார் போட்டுக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள். பத்தாவதில் நின்றவள். என் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்கிறாள் என்றார் அப்பா. அவர் பழையபடி பக்கத்தில் நிற்கிறாராம்.

"உனக்கு அந்த கமாண்டெல்லாம் புரியுதா?" என்று அவளைக் கேட்டேன்.

"எய்தி வச்சிக்கிறாங்க. பாத்துக்கினே அடிப்பேன். ஓடும்."

"நடுவுல நின்னுட்டா?"

"நிக்காது. நீ பண்ணதுதான?"

ஒரு வருடத்துக்கு மேல் அவள் அதை ஓட்டினாள். பிறகு உதவுகிறவர்களின் மனம் வேறு எதற்கோ திரும்பிவிட்டது. ஒரு வேன் வந்து கம்ப்யூட்டர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. குடோனில் மறுபடி நெல் அடுக்கினார்கள். எனக்குச் சென்னையில் ஒரு சின்ன ஆபீஸில் பேக்கேஜ் கட்டும் வேலையே கிடைத்தது. அங்கே யாரும் என் தாத்தாவைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தங்கையைக் கல்யாணம் செய்துகொடுத்தோம். புருஷனோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள்.

ஒரு கோடையில் அவளைப் பார்க்கச் சூளைக்குப் போனேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கை முழுக்க மண். நிழலே இல்லை. பேச்சு எப்படியோ சாரிடம் போனது. அந்த ஆள் நம் மூன்று பேரையும் பொம்மை மாதிரி ஆட்டினான் என்று நான் ஆரம்பித்தேன். வருடக்கணக்காக எனக்குள் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். அவள் ஒரு கல்லைத் திருப்பிவைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உனுக்கு இன்னாண்ணா, நீ திட்டுவ," என்றாள். "அங்க ஃபேன் இருந்திச்சி."