நிப்பாட்டியின் காது

ஆள் இல்லாத ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒரு பஸ் நிற்கிறதென்றால் அது சட்டைக் கம்பெனி பஸ்ஸாகத்தான் இருக்கும் என்று அந்த ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். பேர்தான் கேட், கதவும் கிடையாது, காவலும் கிடையாது. ஒரு கம்பம், அதில் ஒரு பலகை, அவ்வளவுதான். ரயில் வந்தாலும் அந்த பஸ் நிற்கும், வராவிட்டாலும் நிற்கும். பின்னால் பத்து லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தாலும் நிற்கும். அதனால் அதை ஓட்டுகிறவருக்கு நிப்பாட்டி என்று பேர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவர் கல் உடைக்கிறவரின் மூன்றாவது பிள்ளை. மூத்தவர் குழாய் பதிக்கிற வேலைக்குப் போனார். நடுவில் பிறந்த அக்கா ஒரு பெயிண்டருக்கு வாழ்க்கைப்பட்டாள். அப்பாவோடு கூடப் பிறந்தவர்கள் நாலு பேர். அதில் பெரியப்பாவுக்கு ஐம்பது வயதில் காது போயிற்று. அவரிடம் ஒரு சேதி சொல்ல வேண்டுமானால் தெருவுக்கே சொன்ன மாதிரி. கடைசி அத்தைக்கு நாற்பத்தெட்டிலேயே போயிற்று. கல் உடைக்கிற சத்தத்தால் வந்த வினை என்று குடும்பத்தில் சொல்லிக்கொண்டார்கள். அத்தை எந்தக் கல்லை உடைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

நிப்பாட்டி பஸ் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு முதலாளி ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். ஆளேற்றுகிற வண்டியும், பெட்ரோல், கேஸ் ஏற்றுகிற வண்டியும் தண்டவாளத்தைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அவர் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி நாலு நாள் படித்தார், அப்புறம் அட்டை தேவைப்படவில்லை. பதினைந்து அடி தள்ளி நிறுத்துவார். கைப்பிரேக்கைப் போட்டு, ஃபேனை அணைத்து, பாட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கிக் கதவையும் திறப்பார். இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்பார். அந்தப் பக்கம் முழு பஸ்ஸும் போய் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். அப்புறம்தான் முதல் கியரில் ஏறுவார். கடைசிச் சக்கரம் இறங்குகிற வரைக்கும் கியரைத் தொடமாட்டார். நடுவில் கியர் விழாமல் போனால் பஸ் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிடும் என்று அட்டையில் இருந்தது.

கம்பெனிக்குப் போகையில் அந்த இடத்தில் வலது பக்கம் தண்டவாளம் ஒரு மைலுக்கு நேராகத் தெரியும். இடது பக்கம் ஒரு மண்மேடு. தண்டவாளம் அதற்குப் பின்னால் வளைந்து வரும். அந்தப் பக்கத்துக்குக் காதுதான் கண்.

ஆகவே பஸ்ஸுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. கேட் வந்தால் பேச்சு நிற்க வேண்டும். நாற்பது பேரும் தையல்காரர்கள், வெட்டுகிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள். நாள் முழுக்க மிஷின் இரைச்சலில் கத்திப் பேசிப் பழகின தொண்டைகள். ஆரம்பத்தில் முணுமுணுப்பு கேட்டால்கூட நிப்பாட்டி திரும்பி முறைப்பார், வண்டியை எடுக்கமாட்டார். கம்பெனி வாசலில் மூன்று நிமிடம் பிந்தினால் அரை நாள் போயிற்று என்பதால் எல்லாரும் வாயைக் கட்டக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் சட்டைக்குப் பட்டன் தைக்கிற அம்மாள் ஒருத்தி. பட்டன் அக்கா என்பார்கள். ஒரு நாள் அவள் தன் நாத்தனாரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள், கேட்டுக்கு முன்னால் பாதி வசவில் நிறுத்தி, தாண்டின பிறகு மீதி வசவைச் சொல்லி முடித்தாள். நிப்பாட்டியை அதிகம் திட்டினதும் அவள்தான்.

பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று. கடைசி வருஷத்தில் நிப்பாட்டிக்கு ஒரு பெருமை பிடித்துக்கொண்டது. கேட்டில் பஸ் நின்றால் குண்டூசி விழுந்தால் கேட்கும் போல அப்படி ஒரு அமைதி. ஒரு முனகல் இல்லை, ஒரு இருமல் இல்லை. “நாற்பது பேரையும் தங்கமாப் பழக்கிட்டேன்” என்று மனைவியிடம் சொன்னார். அவள் பதிலுக்கு என்னவோ சொன்னாள். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மனைவிக்கு அந்த வருஷம் முழுக்க மனஸ்தாபம். மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புகிறார், அதுவும் எங்கோ பார்த்துக்கொண்டு. வயசு ஏற ஏற மனுஷனுக்கு மெத்தனம் ஏறுகிறது என்று தம்பியிடம் சொல்லிக் குறைப்பட்டாள். தம்பிக்காரனும் டிரைவர்தான், அதே முதலாளியிடம் மாற்று டிரைவர். “மச்சான் கேட்டுல நின்னு நின்னு வீட்லயும் நின்னுட்டாரு” என்று சிரித்துவிட்டுப் போனான்.

ஒரு திங்கட்கிழமை காலை. பஸ் கேட்டுக்கு முன்னால் நின்றது. கதவு திறந்தது, கண்ணாடி இறங்கியது. வழக்கம்போல அமைதி. நிப்பாட்டி வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் திரும்புகிற வழியில் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் கண் பட்டது. பட்டன் அக்காவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஏதோ மெல்லுகிறாள் என்று நினைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தோள் குலுங்கச் சிரித்தாள். அதற்குப் பின்னால் ஒருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். கடைசி சீட்டில் நாலு பேருக்கும் வாய் ஓயவில்லை. கண்ணாடி முழுக்க வாய்கள். அத்தனையும் சத்தமில்லாமல்.

நிப்பாட்டி கதவின் பித்தானை அழுத்தினார். கதவு மூடியது. மறுபடி அழுத்தினார். திறந்தது. அது திறக்கும்போது புஸ்ஸென்று காற்று சீறும். அந்தச் சீறலைக் கடைசியாக என்றைக்குக் கேட்டோம் என்று யோசித்தார். தெரியவில்லை.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. அவர் கேட்காததால் முறைக்கவில்லை. முறைக்காததால் டிரைவர் அண்ணன் இளகிவிட்டார் என்று நினைத்து அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் பேசப் பேச, தன் பஸ் மாதிரி அடக்கமான பஸ் உண்டா என்று அவர் பூரித்துக்கொண்டிருந்தார். தினம் இரண்டு தடவை, எத்தனை மாதமோ, நாற்பது உயிரை வைத்துக்கொண்டு மண்மேட்டுப் பக்கம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். காது அவரிடம் இல்லை.

அவர் இன்ஜினை அணைத்தார். பின்னால் லாரிகள் சேர்ந்தன. பேசாமல் ஒரு குத்துமதிப்பில் வண்டியை எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னால் ஸ்டியரிங் போய்விடும். அந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள். பெரியப்பா கடைசிக் காலத்தில் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர் கண்ணில் வந்து நின்றது.

எழுந்து, சீட்டுகளின் பக்கம் திரும்பினார்.

“எனக்குக் காது கேக்கல” என்றார். “நீங்க பேசுறது எதுவும் கேக்கல. ரயிலும் கேக்காது. யாராவது எறங்கிக் கேட்டுச் சொல்லணும்.”

பஸ் அப்போதுதான் நிஜமாக அடங்கியது. பட்டன் அக்கா எழுந்து வந்தாள். திட்டப் போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, “எங்க நின்னு கேக்கணும்?” என்றாள்.

எங்கே நிற்க வேண்டும், தண்டவாளத்துக்கு எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் பார்த்து என்று கையால் காட்டினார். அவள் இறங்கிப் போய் மண்மேடு முடிகிற இடத்தில் நின்று, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டாள். லாரிக்காரர்களைப் பார்த்து ஹாரனை நிறுத்தச் சொல்லி ஒரு அதட்டல் போட்டாள். அப்புறம் வரலாம் என்று கையை வீசினாள். அன்றைக்கு நாற்பது பேருக்கும் அரை நாள் போயிற்று. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு பேர் சுளித்தார்கள்.

கம்பெனி வாசலில் ஆட்களை இறக்கிவிட்டு, அங்கேயே பஸ்ஸை ஓரம் கட்டி, முதலாளியை வரவழைத்து, விஷயத்தைச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். முதலாளி சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாராம். மறுநாளிலிருந்து மைத்துனன் ஓட்டினான்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அவர் வேலை போனதற்கு அழுகிறாள் என்று நினைத்துத் தேற்றினார். அவள் கையைத் தட்டிவிட்டு, எதிரே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: “ஒரு வருஷமா திமிருன்னு நெனச்சு உங்ககூட மனசுக்குள்ள சண்ட போட்டுட்டு இருந்தேன். காதுன்னு தெரியலயே.” காது டாக்டரிடம் அவரைக் கூட்டிப் போனதும் அவள்தான்.

டாக்டர் நிறைய விளக்கினார். காது முழுசாகப் போகவில்லை, மெல்லிய சத்தமும் தூரத்துச் சத்தமும்தான் போயிருக்கின்றன. காதில் மிஷின் வைத்தால் பெரும்பகுதி திரும்பும். ஆனால் லைசன்ஸ் ஆபீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஆளேற்றுகிற வண்டியைத் தொடலாம் என்றார். இரண்டு காதிலும் மிஷின் வந்தது. முதல் வாரம் பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கே துள்ளி விழுந்தார். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து சத்தங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டார். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. எல்லாம் காதுக்குள்ளேயே பிறக்கிற மாதிரி இருந்தது.

இதற்கிடையில் மைத்துனன் பாடு திண்டாட்டமாயிற்று. முதல் நாள் அவன் கேட்டை நிற்காமல் தாண்டப் பார்த்தான். நாற்பது பேரும் ஒரே குரலில் போட்ட சத்தத்தில் அவன் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அவனும் நின்றான்.

லைசன்ஸ் ஆபீஸ்காரர் வருகிற அன்றைக்கு, கம்பெனியில் ஆளை இறக்கிவிட்டு வந்த காலி பஸ்ஸை நிப்பாட்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. மைத்துனன் கூட இருந்தான். ஆபீஸ்காரர் கோபக்காரர், அவர் பேசினால் குறுக்கே பேசாதே, ஆமாம் போட்டுவிடு என்று மச்சானுக்குப் புத்தி சொல்லித்தான் ஏற்றினான்.

ஆபீஸ்காரர் ஏறினதிலிருந்து பேசினார். புதுசாகக் கட்டுகிற வீட்டில் தண்ணீர் மோட்டார் ஏமாற்றிவிட்டது, போட்டவனை விடப்போவதில்லை என்று ஊரைத் தாண்டியும் பேசினார். கேட் வந்தது. நிப்பாட்டி நிறுத்தி, அணைக்க வேண்டியதை அணைத்து, திறக்க வேண்டியதைத் திறந்தார். மோட்டார் கதை நிற்கவில்லை.

“சார், கொஞ்சம் பேசாம இருங்க” என்றார் நிப்பாட்டி.

மைத்துனனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆபீஸ்காரர் வாய் திறந்தபடி இருந்தது, ஆனால் சத்தம் நின்றது. நிப்பாட்டி வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் காது கொடுத்தார். காதுக்குள் ஏதோ ஒன்று ம்ம் என்று இழுத்தது. ஏறியது, இறங்கியது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

“ஒண்ணும் இல்லையே, எடுங்க” என்றார் ஆபீஸ்காரர்.

“ஒரு சத்தம் கேக்குது சார். என்னன்னு தெரியாம எடுக்க மாட்டேன்.” மைத்துனனைத் திரும்பிப் பார்த்தார். “மாப்ள, நீ எறங்கிப் பாரு.”

பின்னால் ஹாரன்கள் கிளம்பின. மைத்துனன் வேண்டாவெறுப்பாக இறங்கிப் போய், மேட்டோரம் நின்று பார்த்துவிட்டு வந்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ மிஷின் ரம்பம் வைத்து மரம் அறுக்கிறார்கள், ரயில் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு இல்லை என்றான். நிப்பாட்டி இன்னொரு தடவை கேட்டுவிட்டு முதல் கியரில் ஏறி, கியரைத் தொடாமல் இறங்கினார்.

“மரம் அறுக்கறதுக்கெல்லாம் நின்னா எப்படி ஊரு போய்ச் சேர்றது?” என்றார் ஆபீஸ்காரர்.

“ரயில்னு நெனச்சு மரத்துக்கு நிக்கலாம் சார். மரம்னு நெனச்சு ரயிலுக்கு முன்னாடி போகக் கூடாது.”

பஸ் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆபீஸ்காரர் இறங்கி, பஸ்ஸின் முன்பக்கத்திலேயே தாளை வைத்து எழுதினார். மிஷின் இல்லாமல் ஓட்டக் கூடாது, மாற்று பாட்டரி வண்டியிலேயே இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காதைச் சோதிக்க வேண்டும், ஒரு பக்கம் தெரியாத கேட்டில் கூட வருகிறவர் ஒருவர் இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாலு நிபந்தனையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். கடைசி நிபந்தனைக்கு ஆள் தேடவே இல்லை. பட்டன் அக்கா முன் சீட்டுக்கு வந்துவிட்டாள், தான் இறங்கி ஏறுகிற நேரத்தையும் சேர்த்து பஸ் ஐந்து நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டும் என்று முதலாளியிடம் பேசி வாங்கிக்கொண்டு.

போன மாதம் ஐந்தாவது சோதனை. காது இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் மிஷினில் சத்தத்தைக் கூட்டி வைத்தார். இன்னும் எத்தனை வருஷம் ஓட்டலாம் என்று மனைவி கேட்டாள்.

“இந்த ஆறு மாசம் ஓட்டட்டும்மா, அப்புறம் பாப்போம்” என்றார் டாக்டர்.

அது போதும் என்று நிப்பாட்டி எழுந்தார். சாயங்கால ட்ரிப்புக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. மனைவியை வீட்டு முனையில் விட்டுவிட்டு பஸ்ஸை எடுக்கப் போனார்.