நிமிர்ந்து போகிற கூடாரம்

குனிந்து போகிற கூடாரம் என்றால் தான் வரமாட்டேன் என்று என்னுடைய மனிசி சொல்லிவிட்டா. அவ போட்ட நிபந்தனை அது ஒன்றுதான். நிறம், விலை, எத்தனை அறை, ஒன்றும் கேட்கவில்லை.

ஆசைப்பட்டது மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கினால் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்த கதை சொல்லுமாம். இவளிடம் சொல்ல ஒரு கதையும் இல்லை. நான் கூட்டிப் போகிறேன் என்றேன். என்னோடு மட்டும் போக விருப்பமில்லை. அம்மாவும் வரவேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றாள்.

மனிசி கூடாரத்தில் இருந்தவ. சண்டை முடிந்த பிறகு வன்னியில், முள்ளுக்கம்பி முகாமுக்குள்ளே, பிளாஸ்டிக் தறப்பாளுக்குக் கீழே, வேறு குடும்பங்களோடு. நான் அதற்கு முதலே இங்கே வந்துவிட்டேன். எனக்கு அது தெரியாது. கலியாணம் முடிந்து மெல்பேர்ணுக்கு வந்த புதிதில் ஒரு தரம் சொன்னா, உள்ளே போகவும் வெளியே வரவும் தவழவேண்டும் என்று. பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டன்டினோங்கில் கோழி வெட்டுகிற ஃபக்டரியில் எனக்கு விடியப்புற ஷிஃப்ட். மத்தியானம் வேலை முடியும். வீட்டுக்குப் போகிற வழியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கூடுதலாக இருந்தது நைலோன் கூடாரம். பையில் இருந்து எடுத்து எறிந்தால் தானாக விரியுமாம். தொட்டுப் பார்த்தேன். மழைக்கோட்டுத் துணி. காற்றுக்குப் படபடவென்று அடிக்கும். தறப்பாளும் அப்படித்தான் அடித்திருக்கும். வைத்துவிட்டு வந்தேன்.

வேலையில் ஒரு வெள்ளைக்காரன் சொன்னான், பழைய மாதிரிக் கன்வஸ் கூடாரம் பார், இரும்புச் சட்டம் போட்டது, வீடு மாதிரி நிற்கும் என்று. சரியான பாரம், அடிக்கிறதுக்கு ஆள் வேண்டும், அதனால்தான் இப்போது ஆட்கள் வாங்குவது குறைவு என்றும் சொன்னான்.

அப்படி ஒன்றைக் கடைக்குள்ளேயே அடித்து வைத்திருந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். சனிக்கிழமை மனிசியையும் மகளையும் கூட்டிப் போனேன். மகள் உள்ளே ஓடிவிட்டாள். மனிசி வாசலில் நின்று மேலே பார்த்தா. பிறகு நிமிர்ந்தபடியே உள்ளே போனா. தலைக்கு மேலே இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது. யன்னல் துணியைச் சுருட்டிப் பார்த்தா. உள்ளே இருந்து கதவு ஸிப்பை இழுத்தா. மூடினா, திறந்தா. இன்னொரு தரம் மூடித் திறந்தா. கடைக்காரப் பெடியன் ஏதாவது பிழையோ என்று கேட்டான். இல்லை என்றேன்.

கடைசியாகத் துணியில் மூக்கை வைத்து மணந்தா.

"புதுச் சாக்கு மாதிரிக் கிடக்கு," என்றா. "பரவாயில்லை."

அதையே வாங்கினேன். பெடியன் நல்லவன். முதலில் வீட்டு வளவுக்குள் அடித்து, ஹோஸால் நனைத்து, காயவிட்டு, திரும்பவும் நனைக்கச் சொன்னான். தையல் நூல் ஊதி ஊசி ஓட்டைகளை அடைக்குமாம். சவர்க்காரம் படக்கூடாது, ஈரத்தோடு மடிக்கக்கூடாது என்றான். சொன்னபடி செய்தேன். பின்வளவில் அது நின்ற கிழமை முழுக்க மகள் அதற்குள் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்தாள்.

அந்தக் கிழமைதான் அண்ணர் வீட்டில் ஒரு பிறந்தநாள். அண்ணர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். படிக்க வந்தவர். கிளென் வேவர்லியில் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு. நான் படகில் வந்தவன். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு சரி. என்னை ஆட்களுக்கு அறிமுகப்படுத்தும்போது "இவர் கடல் வழியா வந்த தம்பி" என்பார். சிரிப்பார்கள். பழகிவிட்டது.

கூடாரம் வாங்கின கதையை மகள் அங்கே சொல்லிவிட்டாள். அண்ணர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"டேய், சனம் முகாமை விட்டு ஓடி இஞ்ச வருது. நீ காசு குடுத்துத் திரும்ப முகாமுக்குப் போறியோ?"

எல்லாரும் சிரித்தார்கள். பகிடிதான். மனிசி சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. வரும் வழியில் காருக்குள், போவம் என்று மட்டும் சொன்னா. எங்கே என்று கேட்டேன். பிள்ளை கேட்ட இடத்துக்கு என்றா.

தை மாதம் போனோம். ஆற்றங்கரை, பெரிய யூகலிப்டஸ் மரங்கள், பக்கத்தில் பக்கத்தில் வெள்ளைக்காரக் குடும்பங்கள். இரும்புக் கம்பிகளுக்கு நான் நிற நிறமாக டேப் ஒட்டி வைத்திருந்தேன். சிவப்போடு சிவப்பு, நீலத்தோடு நீலம். முதலில் கூரையைப் பூட்டி, துணியைப் போர்த்து, பிறகு மூலைக்கு ஒரு ஆளாக நின்று ஒரே நேரத்தில் தூக்கவேண்டும். நாங்கள் மூன்று பேர். நாலாவது மூலைக்கு நான் ஓடி ஓடிப் போனேன். மகள் சிரித்துச் சிரித்துத் தன்னுடைய மூலையை விட்டுவிட்டாள். மனிசி பேசினா. "பிடியடி, அப்பாவின்ர தலையில விழப்போகுது." அவவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் இரவு அவ படுக்கவில்லை. வாசலில் கதிரையைப் போட்டு இருந்தா. அடுத்த இரவு படுத்தா. பிறகு நித்திரை கொண்டா. காலையில் தும்புத்தடியால் கூடாரத்தைக் கூட்டினா. செருப்பை வெளியே வை என்று மகளை விரட்டினா. ரொட்டியும் சம்பலும் செய்து பக்கத்துக் கூடாரத்துக்கும் கொடுத்தனுப்பினா. அந்தக் கூடாரத்து மனிசி வந்து உள்ளே எட்டிப் பார்த்து, வீடு மாதிரி இருக்கு என்று சொல்லிப் போனா. அதை மனிசி எனக்கு இரண்டு தரம் சொன்னா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் போனோம். எப்போது போவம் என்று அவவே கேட்கத் தொடங்கினா. எனக்கு இந்த நாட்டில் நான் செய்த ஒரு காரியம் சரியாக வந்தது போல இருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் அண்ணரின் மாமி, அண்ணியின் தாய், செத்துப்போனா. செத்தவீடு என்றால் சனம் வரும். ஃபியூனரல் ஹோமில் பெட்டியை வைத்து எரித்துவிட்டு வந்தாலும், வீட்டுக்குச் சனம் ஒவ்வொரு நாளும் வரும். இருத்த இடம் வேண்டும், சமைக்க இடம் வேண்டும். அண்ணர் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"உன்ர கூடாரத்தைக் கொண்டுவந்து அடிச்சு விடு. பின்னுக்கு ஆக்கள் நனையினம்."

செத்தவீட்டுக்கு இல்லை என்று சொல்ல ஏலாது. எங்களுக்குள் அந்த வழக்கம் இல்லை. மனிசியைப் பார்த்தேன். குடுங்கோ என்றா. கொண்டுபோய் நானே அடித்துக் கொடுத்தேன். ஈரத்தோடு மடிக்கவேண்டாம், காயவிட்டுச் சொல்லுங்கோ, நானே வந்து கழற்றுகிறேன் என்றேன். ஓம் ஓம் என்றார். அவருடைய ஃபோனில் வேறொருவர் காத்துக்கொண்டு நின்றார்.

எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவு வரைக்கும் அது அங்கே நின்றது. அதற்குள் சனம் இருந்து தேத்தண்ணி குடித்தது, ஊர் அரசியல் கதைத்தது, கறி காய்ச்சியது. முகாம் பகிடி சொன்ன அண்ணரும் அதற்குள்தான் இருந்தார்.

எட்டுச்செலவுக்கு அடுத்த நாள் நான் வேலை. அண்ணரின் ஆட்கள் அதைக் கழற்றினார்கள். செத்தவீட்டில் இருந்து பொருளைக் கழுவாமல் திருப்பிக் கொடுக்கக்கூடாது. குடத்தைக் கழுவுவது போல, கதிரையைக் கழுவுவது போல, கூடாரத்தையும் கழுவினார்கள். உடுப்புத் தோய்க்கிற தூள் போட்டு, பிரஷ் பிடித்து, நல்லாகவே கழுவினார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு செத்தவீட்டில் பிறத்தியாரின் பொருள் கிடக்கக்கூடாது என்று அன்றைக்கே மடித்துப் பையில் போட்டு, கொண்டுவந்து எங்கள் கராஜில் இறக்கிவிட்டுப் போனார்கள். கழுவித்தான் அனுப்பினது என்று அண்ணி மனிசிக்கு ஃபோனில் சொன்னாவாம்.

நான் வந்து பையைத் தொட்டேன். அடியில் ஈரம். திறந்து காயப்போட வேண்டும் என்றேன்.

"பொறுங்கோ," என்றா மனிசி. "அந்தியேட்டி முடியட்டும். நாங்கள் படுக்கிற சாமான்."

மாமி எங்களுக்கு இரத்த உறவு இல்லை. எங்களுக்குத் துடக்குத் தீட்டு ஒன்றும் இல்லை. ஆனால் அவவுக்கு அந்தக் கூடாரம் வீடு. வீட்டுக்குள்ளே செத்தவீட்டைக் கொண்டுவர அவவுக்கு மனமில்லை. நான் வற்புறுத்தவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும் பை கராஜில் கிடந்தது. வெளியே மழை விடாமல் பெய்தது.

அந்தியேட்டி முடிந்து வந்த முதல் வெயிலுக்குப் பையை வளவுக்கு இழுத்து ஸிப்பைத் திறந்தேன். துணி முழுக்கக் கறுப்புப் புள்ளி. மடிப்புக்கு மடிப்பு பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். மணம் முகத்தில் அடித்தது.

மனிசி கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றா. திரும்பிப் பார்த்தா. கிட்ட வரவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனா. பாதி உடுப்பு அப்படியே கூடைக்குள் கிடந்தது.

பின்னேரம் குசினியில் இருந்தா. நான் போய் எதிரே இருந்தேன்.

"அதே மணம்," என்றா.

நான் கதிரையைக் கிட்ட இழுத்தேன்.

"அப்பாவைக் கிடத்தின பாயில இந்த மணந்தான். சாகும் மட்டும் அவர் அதிலதான் கிடந்தவர்."

அவவின் அப்பா முகாமில் செத்தது எனக்குத் தெரியும். பாயைத் தெரியாது. பையைத் திறக்கவேண்டாம் என்று சொன்னது அவதான். அது அவவுக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

வினாகிரி போட்டுத் தேய்த்தேன். வெயிலில் விரித்தேன். வேலையில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள், அவ்வளவும் செய்தேன். தூள் போட்டுக் கழுவியதில் துணியின் பூச்சுப் போய்விட்டது, அதற்கு வேறு திரவம் வாங்கிப் பூசினேன். கறுப்பு மங்கிச் சாம்பல் நிறமாக வந்தது. எனக்கு மணம் நின்றுவிட்டது. மகளுக்கும் மணக்கவில்லை. மனிசி வாசல்படியில் நின்று தலையை ஆட்டினா, இல்லை என்று.

அண்ணருக்கு ஃபோன் எடுத்தேன். கூடாரம் பழுதாய்ப் போச்சு என்று மட்டும் சொன்னேன்.

"கூடாரந்தானேடா. புதுசு ஒண்டு வாங்கித் தாறன், எதெண்டு பார்த்துச் சொல்லு."

அவர் அதை உண்மையாகத்தான் சொன்னார். வாங்கியும் தந்திருப்பார். வேண்டாம் என்றேன். உனக்கு எப்பவும் ரோசம், கழுவித்தானே தந்தனாங்கள் என்றார். பாயின் கதையை நான் அவருக்குச் சொல்லவில்லை. மனிசி சொல்லவேண்டாம் என்றா. சொன்னாலும் அடுத்த பிறந்தநாளுக்கு அது என்னவாக வெளியே வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

புதுசு வாங்குவமோ என்று மனிசியைக் கேட்டேன். அதுவும் ஒரு நாள் நனையும்தானே என்றா.

தை மாதம் வந்தது. மகளின் சிநேகிதியின் குடும்பம் அதே ஆற்றங்கரையில் பக்கத்து இடம் எடுத்திருந்தது. மகள் கேட்கவில்லை. கேட்காமல் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். மனிசிதான் சாமான் கட்டினா.

போய் இறங்கினோம். மனிசி தன்னுடைய மூலையில் நின்று கம்பியைப் பிடித்தா. சொன்ன நேரத்துக்குத் தூக்கினா. கயிற்றைக் கட்டினா. கூடாரம் முதல் மாதிரியே நேராக நின்றது. ஆற்றில் கால் நனைத்தா, சிநேகிதியின் தாயோடு கதைத்தா, இரவுச் சாப்பாடு சமைத்தா. எல்லாம் வெளியே. பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு காருக்குப் போய் முன் சீற்றைச் சாய்த்துப் படுத்தா.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய ஸ்லீப்பிங் பாக்கைச் சுருட்டினாள்.

"ஐ'ல் ஸ்லீப் வித் அம்மா. ஓகே, அப்பா?"

ஓம் என்றேன். இரண்டு அறைக் கூடாரத்தில் நான் தனியப் படுத்தேன். விடியச் சிநேகிதியின் தகப்பன் காரைப் பார்த்துவிட்டு, உன்னுடைய மனிசிக்குச் சுகமில்லையா என்று கேட்டான். முதுகு நோவு என்றேன்.

மனிசி காஸ் அடுப்பில் தேத்தண்ணி வைத்தா. கோப்பையைக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே நின்று கையை மட்டும் உள்ளே நீட்டினா. வாங்கினேன். கண் வீங்கியிருந்தது. நித்திரை இல்லாமலோ, வேறு எதுவோ, நான் கேட்கவில்லை.

"இனி வரவேண்டாம். வித்துப்போடுவம்," என்றேன்.

"பிள்ளை ஆசைப்படுற மட்டும் வருவம். நான் காருக்க படுக்கிறன்." கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தா. "பழகீடும்."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது. காருக்குள் மகள் இன்னும் எழும்பவில்லை.