ஏழு அறை டப்பா

உடம்பு கொஞ்சம் பெருத்துவிட்டால் போதும், ஊரில் இருக்கிற அத்தனை பேரும் டாக்டர் ஆகிவிடுகிறார்கள். வெந்நீர் குடி என்பார் ஒருவர். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடு என்பார் இன்னொருவர். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாள்கூட, தன் நிறுத்தம் வருவதற்குள் இரண்டு யோசனை சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். இதையெல்லாம் வருஷக்கணக்கில் கேட்டு மாஸ்டரக்காவுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

மாஸ்டரக்கா என்பது கம்பெனியில் வைத்த பெயர். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் சீருடை தைத்துக் கொடுக்கிற கம்பெனி அது. தைப்பவர்கள் நிறையப் பேர், துணி வெட்டுகிற நீள மேஜை ஒன்றே ஒன்று, அந்த மேஜைக்கு ராணி இவள். துணியை அடுக்கடுக்காக விரித்து, அட்டை மாதிரியை வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, மின்சாரக் கத்தியைக் கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கை ஒரு நூல் பிசகினால் அடுக்கில் உள்ள அத்தனை சட்டைக்கும் கழுத்து கோணல். உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலை இல்லை அது. மேஜையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்துதான் அவளுடைய வலது முட்டி தேய்ந்தது. தேய்ந்ததற்கு எல்லோரும் அவள் வயிற்றைக் குறை சொன்னார்களே தவிர, அந்த சிமெண்ட் தரையை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எலும்பு டாக்டரும் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைத்தான் பார்த்தார். "முட்டியை மாத்திடலாம். ஆனா இந்த எடையோட கத்தி வைக்க மாட்டேன். பதினஞ்சு கிலோ குறைச்சுட்டு வாங்க" என்றார். இந்தப் பக்கம் கம்பெனி மேனேஜர், "நொண்டிக்கிட்டே எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க? ஆபரேஷன் நடக்கலைன்னா பட்டன் மேஜையில உட்கார்ந்துக்குங்க" என்றார். பட்டன் மேஜை என்பது புதிதாக வேலைக்கு வருகிறவர்களை உட்கார வைக்கிற இடம். ஆக, எடை குறைந்தால் முட்டி, முட்டி கிடைத்தால் மேஜை. இல்லாவிட்டால் பட்டன்.

பட்டினி கிடந்து பார்த்தாள். மயங்கி விழப் பார்த்தாள். கடைசியில்தான் எடைக்கென்றே இருக்கிற டாக்டரம்மாவிடம் போனாள். அந்த அம்மாள் உபதேசம் எதுவும் செய்யவில்லை. ரத்தம் பார்த்து, நெஞ்சுத் துடிப்பைப் படம் எடுத்து, பசியை அடக்குகிற மாத்திரை எழுதிக் கொடுத்தாள்.

"இது நீங்களா கடையில கேட்டு வாங்குற மாத்திரை இல்லை. நான் எழுதினாத்தான் குடுப்பாங்க. வாரா வாரம் நர்ஸ்கிட்ட பிரஷர் பார்க்கணும். மாசா மாசம் என்கிட்ட வரணும். வாய் உலரும், தூக்கம் குறையும். நெஞ்சு படபடன்னு அடிச்சா உடனே ஓடி வரணும். மூணு மாசம் பார்ப்பேன். உடம்பு கேட்கலைன்னா நிறுத்திடுவேன்."

"நான் பார்த்துக்கறேன் டாக்டர்" என்று கூட வந்திருந்த வீட்டுக்காரன் முந்திக்கொண்டு சொன்னான். அவன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தலை தொட்டு எண்ணாமல் வண்டியை எடுக்க மாட்டான். அவ்வளவு பொறுப்பு. அன்றைக்கே நாளுக்கு ஒரு அறை என்று ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாத்திரையைப் பிரித்து அறைக்கு ஒன்றாகப் போட்டு அவளிடம் கொடுப்பான். அவள் காலையில் கம்பெனிக்கு ஓடுகிற அவசரத்தில் அன்றைய அறையைத் திறந்து வாயில் கவிழ்த்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள்.

முதல் மாதம் அவளுக்கு நம்பவே முடியவில்லை. டீ இடைவேளையில் தட்டில் ரொட்டி இருந்தது. அது வெறும் ரொட்டியாக இருந்தது. வா வா என்று கூப்பிடவில்லை. எட்டிப் போய் நின்றால் பின்னாலேயே வரவில்லை. நாள் முழுக்கத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. அவளுக்கு அதில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஒல்லியாக இருக்கிறவர்களுக்கெல்லாம் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறதா? இதை வைத்துக்கொண்டா இத்தனை காலம் எனக்கு 'வாயைக் கட்டு' என்று பாடம் நடத்தினார்கள்? அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரனின் அக்கா, ஊசி மாதிரி உடம்பு, நாலு ஆள் சாப்பாடு சாப்பிடுவாள். அவள் வாயைக் கட்டிய லட்சணத்தைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்களே.

மாதக் கடைசியில் ஐந்து கிலோ இறங்கியிருந்தது. பிரஷர் மட்டும் ஒரு சுற்று ஏறியிருந்தது. "பயப்பட ஒண்ணும் இல்லை. காபியைக் குறைங்க, வாரா வாரம் பார்க்கறோம்ல" என்றாள் டாக்டரம்மா. திரும்பி வரும்போது வேனில் வீட்டுக்காரன் ஒன்றுமே பேசவில்லை. போக்குவரத்து நெரிசலில் எரிச்சலாக இருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது மாதம் ரேடியோ திரும்பப் பாட ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு தெருவே கேட்கிற மாதிரி. வயிறு காந்தியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டரம்மா சொன்ன அளவில்தான் சாப்பிட்டாள். கடைசியில் இரண்டு கவளம் மட்டும் சில நாள் கூடுதலாகப் போட்டுக்கொண்டாள். இல்லாவிட்டால் கத்தி பிடிக்கிற கை ஆடியது. எடை ஒன்றரைக் கிலோ ஏறியது. பிரஷர் மட்டும் நல்ல பிள்ளையாக இறங்கிவிட்டது.

"இப்படியே போனா அடுத்த மாசம் மாத்திரையை நிறுத்த வேண்டி வரும். என்ன சாப்பிடறீங்கன்னு மறைக்காம சொல்லணும்" என்றாள் டாக்டரம்மா.

அவள் மறைக்காமல் சொன்னாள். சொன்னதை அந்த அம்மாள் எழுதிக்கொண்ட விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது.

அதற்கப்புறம் வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆனது. காலேஜில் படிக்கிற மகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அம்மாவின் கைப்பையைச் சோதித்தாள். பக்கத்துத் தெரு நாத்தனார் தினமும் சாயங்காலம் வந்து சமையலறையை மோப்பம் பிடித்தாள். ஒருநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது விசாரணை நடந்தது.

"அம்மா, மாத்திரை போட்டும் ஏறுதுன்னா உள்ள ஏதோ போகுதுன்னுதான் அர்த்தம். என்ன சாப்பிடற, சொல்லிடு" என்றாள் மகள்.

"நீ பார்க்கறதைத்தான் சாப்பிடறேன்."

"அப்ப காத்தைக் குடிச்சு ஏறுதா?"

"விடும்மா. நாக்கு ருசி அவ்வளவு லேசுல போயிடுமா? பாவம் என் தம்பி, அவன்தான் ஞாயித்துக்கிழமை தவறாம உட்கார்ந்து மாத்திரை பிரிக்கறான்" என்றாள் நாத்தனார்.

தம்பி தலையைத் தூக்கவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மகள் விடவில்லை. நீ உண்மையைச் சொன்னால்தான் உனக்கு உதவ முடியும் என்று எங்கோ படித்ததை ஒப்பித்தாள். மாஸ்டரக்காவுக்கு அப்போது தன் மேலேயே சந்தேகம் வந்திருந்தது. தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறேனோ என்றுகூட நினைத்திருந்தாள். களைப்பு வேறு. எதையாவது சொன்னால் விடுவார்கள் என்று தோன்றியது.

"ஆமா, பிஸ்கட் தின்னேன். அலமாரியில இருக்கறதை எல்லாரும் தூங்கினப்புறம் எடுத்துத் தின்னேன். போதுமா?"

மகளின் முகத்தில் ஒரு நிம்மதி. எழுந்து போய் அந்த மாத மளிகையில் வந்த பிஸ்கட் பையை அப்படியே தூக்கி மேல் அலமாரியில் திணித்துப் பூட்டி, சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். "சொன்னதே பெரிய விஷயம்மா" என்று அம்மாவின் தோளைத் தட்டிக் கொடுத்தாள். பெற்ற மகள் தட்டிக் கொடுத்த அந்தத் தட்டலில் மாஸ்டரக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செய்யாத திருட்டுக்குப் பாராட்டு.

அடுத்த வாரம் மேனேஜர் வெட்டு மேஜைக்கு வேறு ஆளைக் கொண்டுவந்தார். மாஸ்டரக்கா பட்டன் மேஜையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் புது ஆள் கத்தியைத் திருப்புகிற இடத்தில் தயங்குவது தெரியும். வாயைத் திறக்காமல் பட்டனைப் பொறுக்கினாள்.

மூன்றாவது மாதச் சோதனைக்கு அவள் தனியாகத்தான் மாடி ஏறினாள். வீட்டுக்காரன் கீழே வேனில் இருந்தான். எடை அசையவில்லை. டாக்டரம்மா பேனாவை எடுத்தாள், மாத்திரையை நிறுத்தப்போகிறாள் என்று தெரிந்தது. எழுதுவதற்கு முன்னால் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"வாய் உலருதா?"

"முதல் மாசம் கட்டை மாதிரி உலர்ந்துச்சு. இப்ப இல்லை."

"தூக்கம்?"

"படுத்தா பொணம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். பிரஷர் சீட்டுகளைப் புரட்டினாள். "மாத்திரை கையில இருக்கா?" என்றாள். அவள் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா ஒரு அறையைத் திறந்து மாத்திரையை உள்ளங்கையில் போட்டுப் புரட்டிப் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். மிச்சம் இருந்த எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இது நான் எழுதினது இல்லை. இது வெறும் சத்து மாத்திரை. இதை யார் குடுத்தாங்க உங்களுக்கு?"

படிக்கட்டில் இறங்கும்போது அவளுக்கு முட்டி வலி தெரியவில்லை. வேன் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து டப்பாவை அவன் மடியில் வைத்தாள். அவன் அதைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போனது. என்ன ஏது என்று கேட்கவே இல்லை.

"பிரஷர் ஏறுதுன்னு சொன்னாங்களே" என்றான். "எங்க ஸ்டாண்டுல ஒருத்தன், அவன் சொந்தக்காரப் பொண்ணு இப்படித்தான் இளைக்க மாத்திரை போட்டு நெஞ்சு நின்னு போச்சுன்னான். எனக்குத் தூக்கமே வரலை. உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

இல்லை.

"என்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா நீ கேட்டிருக்க மாட்டே. மாத்திரையை ஒண்ணும் தூக்கிப் போடலை. பத்திரமாத்தான் இருக்கு." அது ஏதோ தன் பக்க நியாயம் போல, டாஷ்போர்டைத் திறந்து காட்டினான். உள்ளே அட்டை அட்டையாக, ரப்பர் பேண்ட் போட்டு, இரண்டு மாத மாத்திரையும் வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். அவள் பட்ட பசி முழுக்க அங்கே கட்டுக் கட்டாகக் கிடந்தது. இதற்குப் பெயர் அன்பாம். தன் பயத்துக்கு அவள் உடம்பில் ஒளிய இடம் தேடிக்கொண்டவன், அதற்கு அவளையே நன்றி சொல்லச் சொல்வான் போலிருந்தது.

"பயப்பட்டீங்க, சரி. பயம் யாருக்கும் வரும்" என்றாள். "நான் பிஸ்கட் திருடித் தின்னேன்னு ஒத்துக்கிட்டேனே, அன்னிக்கு எதிர்ல உட்கார்ந்து சோறு தின்னுக்கிட்டிருந்தீங்க. அது எப்படி உள்ள இறங்கிச்சு?"

அவன் டாஷ்போர்டை மூடினான்.

"வண்டியை எடுங்க. உங்க அக்காவுக்குப் போன் பண்ணி வரச் சொல்லுங்க. அன்னிக்கு யார் யார் இருந்தாங்களோ அத்தனை பேர் முன்னாடியும் சொல்லணும்."

சொன்னான். சொன்ன லட்சணம் இருக்கிறதே. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மென்று விழுங்கி, "அது வந்து, மாத்திரை கொஞ்சம் மாறிப் போச்சு" என்று ஆரம்பித்தான்.

"அதுவா மாறிச்சா? அதுக்குக் கால் இருக்கா?" என்றாள் மாஸ்டரக்கா. "பூசி மெழுகாம சொல்லுங்க."

"நான்தான் மாத்தினேன். டாக்டர் குடுத்ததை எடுத்துட்டு வேற போட்டேன். ரெண்டு மாசமா அவளுக்கு மருந்தே குடுக்கலை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மகள் வாயடைத்துப் போனாள். நாத்தனாருக்கு மட்டும் வாய் அடைக்கவில்லை. "உன் நல்லதுக்குத்தானே பண்ணியிருக்கான். இதைப் போய் இவ்வளவு பெரிசு பண்ணணுமா?" என்றாள்.

"நல்லது பண்றவங்க ஏன் அண்ணி ஒளிஞ்சு பண்ணணும்? முட்டி ஆபரேஷன் தள்ளிப் போச்சு. என் மேஜையில வேற ஒருத்தன் நிக்கறான். எடை டாக்டர் மறுபடி முதல்லேர்ந்து மூணு மாசம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் நான் பட்டன் பொறுக்கணும். இதெல்லாம் யாரோட நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

நாத்தனார் முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

மாஸ்டரக்கா மகள் பக்கம் கையை நீட்டினாள். "சாவி."

மகள் சங்கிலியிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். மாஸ்டரக்கா நாற்காலியில் ஏறவில்லை, முட்டி விடாது. சாவியை வீட்டுக்காரனிடம் கொடுத்தாள். அவன் ஏறி அலமாரியைத் திறந்து பையை எடுத்துக் கொடுத்தான். அதை மேஜையில் கவிழ்த்தாள். நான்கு பிஸ்கட் பாக்கெட், ஒன்றோடொன்று சேர்த்துக் கடையில் ஒட்டிக் கொடுத்த டேப் பிரியாமல், வாங்கி வந்தது வந்தபடியே விழுந்தன.

மகள் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டேப்பை நகத்தால் தடவினாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"அப்புறம் ஏம்மா சாப்பிட்டேன்னு சொன்ன?"

"சாப்பிடலைன்னு சொன்னப்ப நம்பினியா?"

மாஸ்டரக்கா கைப்பையிலிருந்து டாக்டரம்மா புதிதாக எழுதிக் கொடுத்து வாங்கிய மாத்திரை அட்டையை எடுத்தாள். பழக்க தோஷத்தில் வீட்டுக்காரன் மேஜையில் இருந்த டப்பாவை எடுக்கக் கையை நீட்டினான். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பழையதைக் கொட்டிவிட்டு, ஒவ்வொரு மாத்திரையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஏழு அறையையும் தானே நிரப்பினாள்.