துணிச்சலுக்கு ஒரு கருங்கல்

என் அக்கா மகளுக்கு உடம்பில் ஒடியாத இடம் நாக்கு ஒன்றுதான். அதில்தான் எலும்பே இல்லையே. அவளுக்குப் பிறவியிலேயே ஓர் அபூர்வ எலும்பு நோய். பலமாகத் தும்மினால் விலாவில் விரிசல் விழும். பதினாறு வயதுக்குள் இருபத்திரண்டு முறிவு. தெருவில் அவளுக்குப் பெயர் கண்ணாடி, வீட்டில் வாயாடி.

நான் தையல்காரி. சட்டையைத் தலைவழியாக மாட்டினால் தோள் போய்விடும் என்பதால், பக்கவாட்டில் முழுக்கத் திறக்கிற மாதிரி பிரஸ் பட்டன் வைத்துத் தைத்துக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: எலும்பு ஒடிந்தால், அவள் சொல்கிறபடிதான் தொட வேண்டும். எங்கே பிடிப்பது, எப்போது தூக்குவது எல்லாம் அவள் உத்தரவு. ஒரு புது டாக்டர் ஒருமுறை தன் மேதாவித்தனத்தைக் காட்டித் தூக்கினார். ஒரு முறிவு இரண்டானது.

அவளுக்கு வேதியியல் என்றால் வெறி. மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்டாள். ஆய்வகமோ இரண்டாவது மாடியில். கீழே ஓர் அறையில் உடைந்த பெஞ்சுகள் ஒய்யாரமாகக் குடியிருந்தன. அவற்றைக் கிளப்பிவிட்டு அங்கே ஒரு மேசை போட்டால் போதும், நானே பொருள்களை இறக்கித் தருகிறேன் என்று வேதியியல் ஆசிரியர் விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்தார். தலைமையாசிரியை கையெழுத்துப் போடவில்லை. ஆய்வகத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, பேசாமல் வரலாறு படிக்கட்டுமே என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் வரலாறேதான்.

அதே வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டுவிழா. அதில் வாயாடிக்குத் துணிச்சல் விருதாம். ஒரு மேசை போட வக்கில்லாதவர்களுக்கு மேடை போட மட்டும் தெரிந்திருந்தது.

கிளம்பும்போது விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். எதற்கென்று கேட்டேன். கூட்டத்துக்கு முன்னால் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்றாள்.

சிறப்பு விருந்தினர் ஒரு கல்குவாரி முதலாளி. சொந்தக் குவாரிக் கருங்கல்லிலேயே கேடயம் செதுக்கிக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிப் பிள்ளைக்குக் கல்லில் பரிசு! எந்த மகராசன் யோசனையோ. மேடைக்குக் கீழே சக்கர நாற்காலியில் இருந்த அவள் கையில், நன்றி சொல்ல மைக்கைக் கொடுத்தார்கள். முதலாளி மேடையிலிருந்து இறங்கி வந்தார், புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார், அவளைப் பார்க்காமலே கல்லை அவள் மடியில் இறக்கினார். பின்னால் நின்ற நான் போட்ட கூச்சலைக் கைதட்டல் விழுங்கிவிட்டது.

அவள் முகம் வெளுத்தது. நான்கு ஆசிரியர்கள் அவளைத் தூக்க ஓடிவந்தார்கள்.

"தொடை ஒடிஞ்சிடுச்சு," என்றாள் மைக்கில். "சித்தி, கல்லை மட்டும் நேரா மேல எடு. வேற யாரும் தொடாதீங்க."

எடுத்தேன். ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தபோது அவர்களையும் கைகாட்டி நிறுத்தினாள். உதடெல்லாம் பல் பதிந்திருந்தது. பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தாள்.

"மேடம், ஆய்வகத்துக்குப் போனா எனக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்தீங்க. போகாமலே ஆயிடுச்சு. இதுல கையெழுத்துப் போடுங்க. அப்புறம் எப்படித் தூக்கணும்னு இவங்களுக்குச் சொல்றேன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பாவி, வலியில் துடித்துக்கொண்டே பேரம் பேசுகிறாள். பெற்றோர் கூட்டம் முழுக்கத் தலைமையாசிரியையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பேனாவை எடுத்தார், தாளை வைத்து எழுத ஏதாவது கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் தேடினார்.

நான் கேடயத்தை நீட்டினேன். அந்தக் கல் உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.