மாலை போட்டவர் கையில் ஓணான்

மார்கழியில் பொதிகையிலிருந்து இறங்கும் காற்று அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு ஜன்னலைத்தான் முதலில் தேடி வரும். போன மார்கழியில் தூறலும் சேர்ந்துகொண்டது. என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மாலை கழுத்தில் ஏறிவிட்டால் எல்லாரும் எல்லாருக்கும் சாமிதான். லோடு ஆட்டோ ஓட்டுகிற மனிதர், நாள் முழுக்க என்னை ‘ஏட்டி, ஏட்டி’ என்று ஏவுகிறவர், ‘தண்ணி எடுங்க சாமி’ என்பார். கேட்பவர்களுக்கு அது மரியாதை. எனக்கோ யாரோ விருந்தாளி பேசுவதுபோல இருக்கும். படுக்கையும் முன்னறையில், தனிப் பாயில். மலையில் கூட்டம் நெரிக்குமே, காட்டு வழியில் கால் வழுக்குமே என்று உள்ளறையில் நான் விழித்துக் கிடப்பேன். அவர் குறட்டை விடுவார்.

ஒருநாள் விடிந்ததும் பூஜை மாடத்தைத் துடைக்கப் போனவர் “சாமி!” என்று கூப்பிட்டார். கோலப்பொடிக் கையோடு ஓடினேன். கூப்பிட்டது என்னை இல்லை. ஐயப்பன் படத்துக்குப் பின்னால் ஒரு ஓணான் கறுத்து விறைத்துக் கிடந்தது.

“எந்திரிங்க சாமி, என்ன சாமி இப்படிக் கெடக்கீக?” என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கடிச்சிரும். வெசம் உண்டோ என்னவோ. தூக்கி வெளிய போடுங்க” என்றேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதில் விஷம், எதில் இல்லை என்று நிச்சயமாகத் தெரியாததால் எல்லாவற்றுக்கும் பயப்படுவேன்.

“மாலை போட்ட வீட்டுல ஒரு உசுரு போகலாமா சாமி? குளிருதான், வேற ஒண்ணுமில்ல. வயிறு ஏறி எறங்குது பாருங்க.”

தோளில் கிடந்த கறுப்புத் துண்டை எடுத்தார். விரதத் துண்டு என்று என்னிடம் துவைக்கக்கூடத் தராமல் தானே அலசிக் காயப்போடுகிற துண்டு. அதில் ஓணானைப் பொதிந்து, இரு கையாலும் மூடி, குனிந்து வாயால் ஊதினார். ஆடியில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது மாத்திரையை அடுப்படியில் வைத்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனவரும் இவர்தான். ஒரு ஓணானைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

ஆற்றுக்குக் குளிக்கப் போகிற சாமிமார் தெருவில் சரணம் சொல்லிக் கூப்பிட்டார்கள். துண்டோடு அதை என் கையில் கொடுத்தார்.

“கைச்சூடு விடாம வச்சிருங்க சாமி. அடுப்புக் கிட்ட கொண்டு போயிராதீக. வெயில் வந்ததும் பையப் பைய எறக்கி விடுங்க.”

வாசற்படியில் உட்கார்ந்தேன். துண்டில் விபூதியும் கற்பூரமும் மணத்தன. அதற்கடியில் அவருடைய வியர்வை. ஓணான் துண்டுக்குள்ளே இருந்தது, நான் வெளியே இருந்தேன். அடுத்த வீட்டு மதினி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“என்ன மதினி, அண்ணாச்சி பிள்ளைய உங்க கையில குடுத்துட்டுப் போறாக?”

“ஆமா, மூத்த சம்சாரத்துப் பிள்ள. நாந்தான வளக்கணும்!”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது என் கையில் செத்தால் விரதம் கெட்ட பழியும் என் தலையில்தானே விழும்? கை மரத்துப்போன பிறகும் அப்படியே பிடித்திருந்தேன்.

சுவரில் வெயில் விழுந்ததும் துண்டை விரித்தேன். கறுப்பு போய் உடம்பு பழுப்பாகியிருந்தது. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. தலையை மேலும் கீழும் ஆட்டியது. சட்டென்று வாசல் முருங்கை மரத்தில் தாவி ஏறிப் போய்விட்டது.

ஈர வேட்டியோடு வந்தவர் படியேறக்கூட இல்லை.

“சாமி எங்க?”

“போயிட்டு.”

“எங்கன?”

முருங்கையைக் காட்டினேன். அண்ணாந்து கிளை கிளையாகத் தேடினார்.

“எனக்கும் குளிருது” என்றேன். சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது.

“வெயில்ல வந்து நில்லுங்க சாமி” என்றார், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

போய் நின்றேன். அவர் நின்ற இடத்தில் வெயில் இல்லை. இருந்தாலும் அங்கேதான் நின்றேன்.